‘பெர்ப்பெண்டிகுலர்’ என்று சொன்ன மாப்பிள்ளைக்கு

மரியாதைக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு மாமனார் எழுதுவது.

உங்கள் உடம்புக்குக் குறைவொன்றும் இல்லை என்று உங்கள் மனைவி போனில் சொன்னாள், மகிழ்ச்சி. இங்கும் அப்படியே என்று பதிலுக்கு எழுத வேண்டிய இடம் இது. எழுதப்போவதில்லை. நேராக அநியாயத்துக்கு வந்துவிடுகிறேன். சென்ற மாதம் நீங்கள் என் அக்காவின் அறைக்கு வந்து, சுவரும் தரையும் சேருகிற மூலையில் உங்கள் மூலைமட்டத்தை, அதாவது அந்த ‘ட’ வடிவ இரும்பை, வைத்துப் பார்த்துவிட்டு, “பெர்ப்பெண்டிகுலரா இருக்கு மாமா, கவலையே வேணாம்” என்று சொன்னீர்கள். என் அக்கா, என் மனைவியான உங்கள் அத்தை, உங்கள் மனைவி மூவரும் கேட்டார்கள். அது பொய். நீங்கள் அளந்தது நார்மல். பெர்ப்பெண்டிகுலரை நீங்கள் அளக்கவே இல்லை. அந்தப் பொய்யினால், எழுந்து உட்காரக்கூட முடியாத ஒரு மனுஷி சாய்கிற வீட்டுக்குள் படுத்துக்கிடக்கிறாள்.

இதைப் போனில் சொல்லலாமே என்று கேட்பீர்கள். நான் போன் செய்யும்போதெல்லாம் “மாமா, சைட்ல இருக்கேன், கான்க்ரீட் மிக்ஸர் ஓடுது, அப்புறம் பேசறேன்” என்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டு நேரத்தில் எந்த மிக்ஸர் ஓடுகிறது என்று நான் கேட்கவில்லை. மாப்பிள்ளையைக் குறுக்கு விசாரணை செய்கிற குடும்பத்தில் நான் பிறக்கவில்லை. கடிதத்துக்கு மிக்ஸர் சத்தம் கேட்காது, ஆகையால் கடிதம்.

முதலில் என் தகுதியைப் பற்றி. நீங்கள் இன்ஜினியர், நான் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற ஜன்னலுக்குப் பின்னால் தலைநரைத்தவன். ‘இவருக்கு லத்தீன் எங்கிருந்து வந்தது’ என்று உங்கள் மனைவியிடம் சிரித்துக்கொண்டே கேட்டிருக்கிறீர்கள். அவள் அதையும் சிரித்துக்கொண்டே என்னிடம் சொல்லிவிட்டாள். டாக்டர்களின் சீட்டிலிருந்து வந்தது. பி.டி. என்று எழுதினால் ‘பிஸ் தியே’, நாளுக்கு இரண்டு வேளை. ஏ.சி. என்றால் ‘ஆன்டே சீபும்’, சாப்பாட்டுக்கு முன். பி.ஆர்.என். என்றால் ‘ப்ரோ ரே நாட்டா’, தேவைப்படும்போது மட்டும். அக்காவின் வலி மாத்திரைச் சீட்டில் இன்றைக்கும் அதுதான் இருக்கிறது. இந்த எழுத்துகள் எதன் சுருக்கம் என்று கேட்டால் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களுக்கும் தெரியவில்லை, இந்தப் பக்கம் இருந்தவர்களுக்கும் தெரியவில்லை. எனக்கு அது பொறுக்கவில்லை. பழைய காகிதக் கடையில் ஒரு லத்தீன் அகராதியை வாங்கி முதல் பக்கத்திலிருந்து படித்தேன். கடைசிப் பகுதியைக் கரையான் தின்றிருந்தது. ‘எஸ்’ எழுத்துக்கு மேல் எனக்கு லத்தீன் கிடையாது. அதை நான் என்றும் மறைத்ததில்லை. தெரியாததைத் தெரிந்த மாதிரி பேசுகிற வழக்கம் நம் குடும்பத்தில் பெண் கொடுத்த பிறகுதான் வந்திருக்கிறது.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். ‘நார்மா’ என்றால் தச்சன் கையில் இருக்கிற மூலைமட்டம். அந்த இரும்புக்குப் பொருந்தி நிற்பது ‘நார்மல்’. ‘பெர்ப்பெண்டிகுலும்’ என்றால் கொத்தன் கையில் இருக்கிற தூக்குக்குண்டு. அதற்கு வேர் ‘பெந்தெரே’: தொங்கவிடு, நிறுத்துப்பார். ஆக, ஒரு சொல் இரும்பிலிருந்து வந்தது, மற்றொன்று நூலில் கட்டித் தொங்குகிற குண்டிலிருந்து வந்தது. இரண்டையும் ஒரே பொருளில் பாடப்புத்தகத்தில் போட்டு, பிள்ளைகளை மனப்பாடம் செய்ய வைத்து, அந்தப் பிள்ளைகள் வளர்ந்து இன்ஜினியராகி என் வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்துவிட்டார்கள். மூலைமட்டத்துக்குப் பக்கத்தில் இருப்பது மட்டும்தான் தெரியும். சுவரைத் தரையோடு ஒப்பிடும். தரையே சாய்ந்துவிட்டால் சுவரும் கூடவே சாயும். இரண்டுக்கும் நடுவே தொண்ணூறு பாகை பத்திரமாக உட்கார்ந்திருக்கும். மூழ்குகிற கப்பலிலும் பாய்மரம் தளத்துக்கு நார்மல்தான், கடைசி நிமிஷம் வரைக்கும். தூக்குக்குண்டு அப்படியில்லை. அது தரையைக் கேட்பதில்லை, சுவரைக் கேட்பதில்லை. பூமி எங்கே இழுக்கிறது என்று மட்டும் சொல்லும். 

இதே வேரில்தான் பென்ஷனும் வருகிறது, பெண்டிங்கும் வருகிறது, சஸ்பெண்டும் வருகிறது. வேலையில் இருந்தபோது ஒரு தடவை சஸ்பெண்டில் தொங்கினேன், அந்த விசாரணை பெண்டிங்கில் தொங்கியது, இப்போது பென்ஷனில் தொங்குகிறேன். தொங்குவதைப் பற்றி என்னிடம் யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

வீடு சாய்கிறது என்பதை நான் சொல்லைப் பார்த்துக் கண்டுபிடிக்கவில்லை, மாத்திரையைப் பார்த்துக் கண்டுபிடித்தேன். மாடியில் என் மேஜையில் வாரத்துக்கு வேண்டிய மாத்திரைகளைப் பிரித்துவைப்பது என் வேலை என்பது உங்களுக்குத் தெரியும். உங்கள் அத்தையின் பிரஷர் மாத்திரை வட்டம். கை தவறிக் கீழே விழுந்தால் விளிம்பில் நின்று ஓடும். ஓடட்டும், ஆனால் ஏன் ஒவ்வொரு தடவையும் கிழக்குச் சுவருக்கே ஓட வேண்டும்? மேற்கே ஓடின மாத்திரை ஒன்றைக்கூட நான் பார்க்கவில்லை. கிழக்கே என்ன இருக்கிறது? பக்கத்து மனைக்காரன் வண்டி நிறுத்துவதற்காகப் பூமிக்குள் இரண்டு மாடி ஆழத்துக்குத் தோண்டிப் போட்டிருக்கிற பள்ளம் இருக்கிறது. அந்தப் பள்ளத்தை எட்டிப் பார்த்தேன். அடியில் தண்ணீர், தண்ணீரில் ஒரு செருப்பு மிதந்தது. மேஸ்திரியைக் கூப்பிட்டு, “என் வீட்டு அஸ்திவாரம் எந்த ஆழத்தில் நிக்குதுன்னு பாத்துட்டுத்தான் தோண்டறீங்களா?” என்று கேட்டேன். “பெரியவரே, ஓரமா நில்லுங்க, மண்ணு சரியும்” என்றான். அதாவது சரியும் என்று அவனுக்கே தெரிகிறது.

உடனே போய்த் தூக்குக்குண்டு வாங்கினேன். கடைக்காரன், “இந்த வயசுல வீடு கட்டறீங்களா?” என்று சிரித்தான். “இல்லப்பா, இருக்கறது விழுதான்னு பாக்கறேன்” என்றதும் சிரிப்பு நின்றுவிட்டது. அக்காவின் அறையில் கதவுப் பக்கச் சுவரின் உச்சியில் ஆணி அடித்து, ஃபேனை நிறுத்தி, ஜன்னலை மூடித் தொங்கவிட்டேன். மேலே சுவரை ஒட்டி நிற்கிற நூல் கீழே வரும்போது மூன்று விரல் தள்ளி நின்றது. சுவர் அக்காவின் கட்டில் பக்கம் தலையைச் சாய்த்திருந்தது. உங்கள் அத்தையைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் ஒரு பார்வை பார்த்துவிட்டு, “அடுப்புல பால் இருக்கு” என்று போய்விட்டாள். அதற்குப் பிறகுதான் உங்களை வரவழைத்தேன். நீங்கள் வந்தீர்கள், இரும்பை வைத்தீர்கள், அநியாயத்தைச் செய்தீர்கள்.

அன்று அந்த அறையில் நடந்ததை நீங்கள் மறந்திருந்தாலும் நான் மறக்கவில்லை. “மாப்பிள்ளை, நீங்க வெச்சுப் பாத்தது நார்மா. பெர்ப்பெண்டிகுலும் அதோ ஆணியில தொங்குது, அதப் பாருங்க” என்றேன். நீங்கள் அந்தப் பக்கம் திரும்பாமலே, “ரெண்டும் ஒண்ணுதான் மாமா” என்றீர்கள். “எப்படி ஒண்ணாகும்? வேர் வேற” என்றேன். “வேர் வேறயா இருந்தா என்ன மாமா, சுவர் வெர்ட்டிகலா இருக்கே” என்றீர்கள். அங்கேதான் என்னை மடக்கினீர்கள். வெர்ட்டிகல் ‘வி’ எழுத்தில் வருகிறது. கரையான் தின்ற பக்கம். அந்தச் சொல்லைப் பற்றி எனக்குக் கருத்துச் சொல்ல உரிமையில்லை என்பது உங்களுக்குத் தெரியும், தெரிந்தே அதை எடுத்து வீசினீர்கள். உங்கள் மனைவி தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். உங்கள் அத்தை, “இவருக்கு வீடு சாயறது கவலையில்ல, சொல்லு சாயறதுதான் கவலை” என்றாள். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. “டேய் லத்தீன் வாத்தியாரே, மாப்பிள்ளைக்குத் தண்ணி குடுத்தியா?” என்று கேட்டாள்.

என் அக்கா எப்பேர்ப்பட்டவள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வாசல் அறையில் தையல் மெஷின் போட்டு, இந்தத் தெருவில் பாதிப் பேருக்கு உடம்பு எந்தப் பக்கம் கோணல் என்று தெரிந்து வைத்திருந்தவள். ஒரு தோள் இறங்கியவனுக்கு அந்தத் தோளில் உள்ளே ஒரு மடிப்பு துணி வைத்துத் தைத்துக் கொடுப்பாள். சட்டை போட்டால் ஆள் நிமிர்ந்துவிடுவான். என்னைப் படிக்கவைத்ததும் அந்த மெஷின்தான். இப்போது அவளுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை, கைகள் மட்டும் வேலை செய்கின்றன. டாக்டர் வந்து பார்த்துவிட்டு ஒவ்வொரு தடவையும் “பிரஷர் நார்மல், சுகர் நார்மல்” என்கிறார். எந்த இரும்பை வைத்து அளந்தாரோ தெரியவில்லை. வாசலில் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இன்னும் கொஞ்ச மாதம் போனால் பெரிது என்றும் சொல்லிவிட்டுப் போகிறார். “என்னடா சொன்னாரு?” என்று கேட்டாள். நார்மல் என்றேன். “படுத்திருக்கறவ மட்டமாத்தான் இருப்பா” என்றாள்.

அவளும் உங்கள் கட்சிக்குப் போனதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நீங்கள் போன பிறகு நூலைக் காட்டி, “அக்கா, நீயே பாரு” என்றேன். “நூல் தொங்கறது நேருன்னா துணி தொங்கறதும் நேருதானே?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். “அப்ப அந்தத் திரையப் பாரு. அதோட ஓரம் ஜன்னல் சட்டத்த ஒட்டி மேலருந்து கீழ வரைக்கும் நிக்குதா இல்லையா? சட்டம் சாஞ்சிருந்தா கீழ வரவர இடைவெளி விழுந்திருக்கணுமே, விழுந்திருக்கா?” போய்ப் பார்த்தேன். விழவில்லை. திரையின் ஓரமும் சட்டமும் உடன்பிறந்தவர்கள் மாதிரி ஒட்டிக்கொண்டு நின்றன. ஒரே அறையில் ஒரு நூல் சாய்கிறது என்கிறது, ஒரு திரை சாயவில்லை என்கிறது. நூலுக்கு வேர் இருக்கிறது, திரைக்கு என்ன வேர்? துணி கஞ்சி போட்டு விறைத்திருக்கும், அல்லது கம்பியில் எங்காவது சிக்கியிருக்கும் என்று சொல்லிவிட்டு வந்தேன். “ஆமா, துணியப் பத்தி எனக்குத் தெரியாது பாரு” என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

இதற்குப் பிறகு நடந்தவை எல்லாவற்றுக்கும் நீங்கள்தான் பொறுப்பு. ஊராரையாவது எச்சரிக்கலாம் என்று, ‘இந்த வீடு கிழக்கே சாய்கிறது. உள்ளே வருபவர்கள் தங்கள் பொறுப்பில் வரவும்’ என்று அட்டையில் எழுதி வாசல் கேட்டில் கட்டினேன். மறுநாள் காலையில் அக்காவைக் கவனித்துக்கொள்ள வருகிற அம்மா கேட்டிலேயே நின்று அதை எழுத்துக்கூட்டிப் படித்தாள். “ஐயா, எனக்கு ரெண்டு பொண்ணுங்க இருக்கு” என்று சொல்லிவிட்டு அப்படியே திரும்பிப் போனவள் இன்றுவரை வரவில்லை. நேரத்துக்கு நேரம் அக்காவைப் புரட்டிப் போட ஆளில்லாமல் போயிற்று. உங்கள் அத்தை ஒருத்தியே புரட்டிப் பார்த்தாள். அவள் இடுப்பு பிடித்துக்கொண்டது. அக்காவின் முதுகில் புண் வந்துவிட்டது. நான் அந்தப் புண்ணைப் பார்த்தேன், மாப்பிள்ளை. மருந்து ஜன்னலில் அதற்கான களிம்பை எத்தனையோ பேருக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறேன், புண்ணைப் பார்த்ததில்லை. நீங்கள் அன்று உண்மையைச் சொல்லியிருந்தால் நான் அட்டை எழுதியிருக்க வேண்டியதில்லை, அந்தப் புண் வந்திருக்காது.

அட்டையை எடுக்கச் சொல்லி உங்கள் மனைவி போனில் அழுதாள். நான் எடுக்கவில்லை. உண்மையை எழுதிய பிறகு அதை எடுப்பதற்கு ஒரே காரணம்தான் இருக்க முடியும், அது உண்மையில்லாமல் போவது.

நீங்கள் செய்தது என்ன? நாலு ஆட்களைக் கூட்டிவந்து வீட்டின் கிழக்குப் பக்கச் சந்தில் நாலு இரும்புத் தூண்களை நட்டுவிட்டுப் போனீர்கள். எதற்கு என்று கேட்டால் “அத்தைக்குத் துணி காயப்போட வசதியா கொடி கட்டிக் குடுக்கறேன் மாமா” என்றீர்கள். ஒரு போர்வை காய ரயில் தண்டவாளமா? அதையும் நேராக நட்டீர்களா என்றால் இல்லை. தலை என் சுவரில் முட்டிக்கொண்டு, கால் சந்தில் நீட்டிக்கொண்டு, சாராயக் கடையிலிருந்து வந்தவன் மாதிரி சாய்ந்து நிற்கின்றன. நான் இரண்டு தடவை முழங்காலை இடித்துக்கொண்டேன். நேராக நிற்கிற சுவரைச் சாய்ந்தது என்று நான் சொல்வதாக ஊரெல்லாம் சொல்கிறீர்கள். நேராக நிற்க வேண்டிய கம்பத்தைச் சாய்த்து நட்டவர் நீங்கள்.

போதாததற்கு வாரா வாரம், “மாமா, நீங்களும் அத்தையும் எங்க வீட்டுக்கு வந்துடுங்க, பெரியத்தைய நான் வந்து பாத்துக்கறேன்” என்று சொல்லியனுப்புகிறீர்கள். வீடு நன்றாகத்தான் இருக்கிறது என்றால் நான் ஏன் வர வேண்டும்? நன்றாக இல்லையென்றால் அக்கா ஏன் இருக்க வேண்டும்? படுக்கையில் கிடக்கிறவளை விட்டுவிட்டு நடக்க முடிகிறவனைக் காப்பாற்றுவது எந்தக் கணக்கு? என்னை இந்த வீட்டிலிருந்து கிளப்பிவிட்டுப் பிறகு ஏதோ செய்ய நினைக்கிறீர்கள் என்பது மட்டும் தெரிகிறது. என்ன என்று தெரியவில்லை.

ஆகவே இப்போது செய்ய வேண்டியவற்றைச் சொல்கிறேன். நீங்கள் வருகிற ஞாயிற்றுக்கிழமை, மிக்ஸர் ஓடினாலும் ஓடாவிட்டாலும், இங்கே வர வேண்டும். மூலைமட்டத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு வெறுங்கையோடு வர வேண்டும். தூக்குக்குண்டு என்னிடம் இருக்கிறது. அக்காவின் கண்ணுக்கு முன்னால் அதைத் தொங்கவிட்டு, ‘இது பெர்ப்பெண்டிகுலர் இல்லை, நான் அன்று சொன்னது தவறு’ என்று உங்கள் வாயால் சொல்ல வேண்டும். என் மகள் உங்கள் வீட்டு முன்னறையைக் காலி செய்து, ஜன்னலோரம் ஒரு கட்டில் போட வேண்டும். லிஃப்ட் இல்லாத நாலாவது மாடி என்பதால், ஸ்ட்ரெச்சரைச் சாய்க்காமல் தூக்கத் தெரிந்த இரண்டு பேரை ஆஸ்பத்திரியில் என் பழைய சகாவிடம் சொல்லி நான் ஏற்பாடு செய்கிறேன். அக்கா வரமாட்டேன் என்பாள். அவளைச் சம்மதிக்க வைப்பது உங்கள் அத்தையின் பொறுப்பு. பள்ளத்துக்காரன்மேல் வழக்குப் போடுவது என் பொறுப்பு. பாடப்புத்தகக் குழுவுக்குத் தனியாக எழுதிக்கொள்கிறேன்.

நீங்களும் என் மகளும், இரும்பை வைத்துப் பார்த்தாலும் சரி, குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்தாலும் சரி, கோணாத வீட்டில் நெடுங்காலம் வாழ வேண்டும் என்று கோபம் குறையாமலே ஆசீர்வதிக்கிறேன். உங்கள் தாயார் தகப்பனாருக்கு என் வணக்கம். இதில் அவர்கள் குற்றம் ஒன்றுமில்லை.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குப் பசை எடுக்கக் கீழே போனவன் மறுபடி உட்கார்ந்து எழுதுகிறேன். உங்கள் அத்தை இன்று அக்காவின் அறைத் திரையைத் துவைத்து, நீங்கள் கட்டிய கொடியில் காயப்போட்டிருந்தாள். சந்தில் போகும்போது பார்த்தேன். சட்டத்துக்குப் பக்கத்தில் இல்லாமல் வெட்டவெளியில் தொங்குகிறபோதுதான் தெரிகிறது: அதன் ஒரு ஓரம் கோணல். மேலே ஒன்றுமில்லாமல் ஆரம்பித்து, கீழே வரவர அகலமாகி, ஒரு முக்கோணத் துண்டு சேர்த்துத் தைக்கப்பட்டிருக்கிறது. அதே துணி, அதே பூ, பூவோடு பூ சேர்கிற மாதிரி. கீழ்முனையில் ஒன்றரை விரல் இருக்கும். ஜன்னல் என் நூலில் பாதி உயரம். மூன்று விரலில் பாதி ஒன்றரை. அந்தத் தையலை நான் உலகத்தில் எங்கே பார்த்தாலும் அடையாளம் சொல்வேன். அதே தையல் போட்ட சட்டையில்தான் பள்ளிக்கூடம் போனேன்.

உங்கள் அத்தையைக் கேட்டேன். பக்கெட்டைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். நான் தூக்குக்குண்டு வாங்குவதற்கு வெகுநாள் முன்பே அக்கா படுத்தபடியே பார்த்துவிட்டாளாம். எதிரே திரை ஒருபக்கம், சட்டம் ஒருபக்கம் பிரிந்துகொண்டே போவதைத் தினமும் பார்த்துக்கொண்டு கிடந்திருக்கிறாள். நான் பென்ஷன் ஆபீசுக்குப் போயிருந்த ஒரு நாள் உங்களை வரவழைத்திருக்கிறாள். நீங்கள் வீடு முழுக்க, உள்ளேயும் வெளியேயும், தூக்குக்குண்டு தொங்கவிட்டு அளந்திருக்கிறீர்கள். கடைசியில் அக்கா உங்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாளாம்: “யாரு முந்துவா மாப்பிள்ளை? வீடா, நானா?” நீங்கள், “முட்டுக் குடுத்தா, நீங்கதான் பெரியத்தை” என்றீர்களாம். “அது போதும். நாலு மாடி தூக்கிட்டுப் போய் ஒரு தெரியாத சுவரப் பாத்துட்டு நான் சாக மாட்டேன். தம்பிகிட்ட மட்டும் சொல்லாதீங்க. தெரிஞ்சா அவன் என்னைய வெச்சுக்கிட்டு இங்கயே உக்காந்துப்பான், நகர மாட்டான். நீங்க நேரா இருக்குன்னு சொல்லுங்க, அப்புறம் எப்படியாவது அவங்க ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போயிடுங்க” என்றாளாம். துணியை வெட்டிக் கொடுத்தவள் உங்கள் அத்தை. “நீ ஏன்டி போகல?” என்று கேட்டேன். “நானும் போயிட்டா அவங்கள யாரு புரட்டிப் போடுவா?” என்று பக்கெட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஆகவே மேலே எழுதியதில் ஆசீர்வாதத்தைத் தவிர மற்ற எதையும் படிக்க வேண்டாம். கிழித்துவிடலாம் என்று பார்த்தேன். எழுதியதைக் கிழித்து எனக்குப் பழக்கமில்லை. செய்ய வேண்டியவை மாறிவிட்டன. முட்டுக்குத் தண்டவாளம் நாலு போதுமா, இன்னும் நாலு வேண்டுமா என்று பார்த்து உடனே நட வேண்டியவர் நீங்கள். இனி முழங்காலில் இடித்தால் நான் வாயைத் திறக்க மாட்டேன். உங்கள் அத்தையை உங்கள் வீட்டுக்கு அழைத்துப் போக ஒரு நல்ல காரணம் கண்டுபிடிக்க வேண்டியவள் என் மகள். உண்மையான காரணத்தைச் சொன்னால் அவள் வரமாட்டாள், சொல்லாவிட்டாலும் வரமாட்டாள், இருந்தாலும் முயற்சி செய்யட்டும். அக்காவைப் புரட்டிப் போடுவது இனிமேல் என் வேலை. இன்று மத்தியானம் உங்கள் அத்தை ஒரு தடவை சொல்லிக் கொடுத்தாள். கேட்டில் இருந்த அட்டையை நான் எடுத்துவிட்டேன். நான் இந்த வீட்டை விட்டு நகரப்போவதில்லை. அக்கா கணித்தது சரிதான்.

கடைசியாக ஒன்று. ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வரும்போது அந்த மூலைமட்டத்தை மறக்காமல் கொண்டுவர வேண்டும். திரை அதற்குள் காய்ந்து பழைய இடத்துக்குப் போயிருக்கும். அக்கா பார்க்கிற மாதிரி மூலையில் இரும்பை வைத்து, அன்று சொன்னதையே மறுபடி சொல்ல வேண்டும். நான் கொஞ்ச நேரம் மறுத்துப் பேசுவேன்; உடனே ஒத்துக்கொண்டால் அவளுக்குச் சந்தேகம் வந்துவிடும். நார்மா, பெர்ப்பெண்டிகுலும், பென்ஷன், பெண்டிங் எல்லாவற்றையும் ஒரு சுற்று சொல்வேன். நீங்கள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “ரெண்டும் ஒண்ணுதான் மாமா” என்று சொல்ல வேண்டும். அப்போது நான் அகராதியை மூடிவைத்துவிட்டு, “ஆமாம் மாப்பிள்ளை, இரண்டும் ஒன்றுதான்” என்று அவள் காதில் விழுகிற மாதிரி சொல்வேன். மறுபடி தேவைப்பட்டால் மறுபடியும் சொல்வேன். வெளியே சந்தில் வந்து நீங்கள் அதையே சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன். அக்காவின் மாத்திரைச் சீட்டில் இருக்கிற மாதிரி, ப்ரோ ரே நாட்டா.